கம்பிக் கேட்டுக்கு மறைப்பு போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செம்பருத்தி (அம்பத்தூர்)

கம்பிக் கேட்டுக்குப் பச்சை வலை கட்டியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அதனால் எதற்காகக் கட்டினோம் என்று நீட்டவில்லை. குறுகலான தெரு, நேரெதிரே டீக்கடை. கோலம் போடக் குனிந்தாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் பார்வை முதுகில் படும். தொண்ணூறு சதவீத நிழல் தரும் வலையை மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கி வந்து கேட் முழுக்க இறுக்கிக் கட்டினோம். அன்று மாலையே என் மகள் பவழமல்லிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவள் வாசலில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு ஒரு காலை. எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. படியில் சின்னதாக ஒரு வெளிச்சம், காசு அளவுக்கு. எழுந்து கேட்டருகே போனேன். வலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. கிழிசல் இல்லை, பிளேடால் வெட்டியதும் இல்லை. ஓரமெல்லாம் உருகிக் கறுத்து, தொட்டால் கடுகு கடுகாகக் கெட்டித்திருந்தது. பீடியையோ சிகரெட்டையோ வைத்து அழுத்தியிருக்கிறார்கள். என் கண்ணுக்கு நேர் உயரம். தெருவில் போய் நின்று நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன். மகளின் நாற்காலி அப்படியே தெரிந்தது.

வலையை மாற்றிவிட்டோம். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் டீக்கடையில் யார் நிமிர்ந்து பார்த்தாலும் 'இவனாக இருக்குமோ?' என்றுதான் மனம் போகிறது. வெறும் கம்பியாக இருந்தபோது யார் பார்க்கிறான் என்பதாவது எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

வேலூர்க்காரன்

சகோதரி, அது பட்டாசுப் பொறியாக இருக்கலாம். தெருவில் இருக்கும் எல்லோரையும் சந்தேகப்பட வேண்டாம். எங்கள் வீட்டிலும் அதே வலைதான். தீபாவளி இரவில் பக்கத்து வீட்டுப் பையன் விட்ட ராக்கெட் சாய்ந்து வந்து கேட்டில் மோதியது. வலை 'குப்' என்று பற்றிக்கொள்ளும் என்று நினைத்துத் தண்ணீர் வாளியோடு ஓடினேன். அது எரிந்ததைவிட உருகியதுதான் அதிகம். உருகிய பிளாஸ்டிக் தீயோடு சேர்ந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. கேட்டுக்கு உள்ளே என் ஸ்கூட்டர் நின்றிருந்தது. ஒவ்வொரு சொட்டும் இருக்கையில் விழும்போது 'ச்ச்' என்று ஒரு சத்தம், அந்த இடத்திலேயே ஒரு சுடர். பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கிறது என்பதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு நினைவில்லை. வண்டியை இழுத்து அப்பால் தள்ளிய பிறகுதான் வலைமேல் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் மிச்சமிருந்த வலையிலும் அங்கங்கே நீங்கள் சொல்வதைப் போன்ற துளைகள், ஓரம் உருகியபடி.

வலை கட்டியவர்கள் தீபாவளிக்கு முந்திய நாளே அதை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடுங்கள். கேட்டை ஒட்டி வண்டியை நிறுத்தாதீர்கள்.

செம்பருத்தி (அம்பத்தூர்)

ஐயா, இது நடந்தது வைகாசியில். அந்த மாதத்தில் எங்கள் தெருவில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. பொறி விழுந்திருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல துளைகள் இருந்திருக்கும். ஒன்றே ஒன்று, அதுவும் கண் உயரத்தில் எப்படி வரும்? தயவுசெய்து இதைப் பொறி என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர் (திருவான்மியூர்)

அந்தத் துளையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை அம்மா. நான் பார்த்தது வேறு. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையில் கரையேறிய நாள். எங்கள் எதிர்வீட்டுக் கேட் பன்னிரண்டடி அகலம், ஐந்தடி உயரம். பல ஆண்டுகளாகக் கம்பிக் கேட்டாகவே இருந்தது. அந்த ஆண்டுதான் முழுக்கத் தகடு அடித்தார்கள். பிற்பகலில் காற்று திசை மாறியபோது மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். கேட் வளையவில்லை, தாழ்ப்பாளும் விடவில்லை. தூண்தான் அசைந்தது. செங்கல் தூண் தரைமட்டத்தில் ஒரு கோடாக வெடித்து, கேட்டையும் பெயர்ப் பலகையையும் சுமந்தபடி மெதுவாக உள்பக்கம் சாய்ந்தது. அது சாய்ந்து முடியும்வரை என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தத் தூணுக்குப் பின்னால்தான் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எப்போதும் விளையாடுவார்கள். அன்று புயல் என்பதால் உள்ளே இருந்தார்கள்.

கம்பிக் கேட்டில் காற்று ஊடுருவிப் போய்விடும். தகடு அடித்தால் முழு அழுத்தத்தையும் அதுவே வாங்கும், வாங்கியதைக் கீல் வழியாகத் தூணுக்குக் கொடுக்கும். கணக்கு எளிது. காற்றின் வேகத்தை வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, மீண்டும் 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். அழுத்தம் சுமார் 470 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு 48 கிலோ. பன்னிரண்டுக்கு ஐந்தடிக் கேட்டின் பரப்பு ஏறத்தாழ 5.6 சதுர மீட்டர். மொத்தம் 260 கிலோவுக்கு மேல். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். சென்னையில் கட்டடம் வடிவமைக்க இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் இதே கேட்டின் மேல் 850 கிலோ. நான்கரை அங்குல ஒற்றைச் செங்கல் தூண் இதைத் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்பிய தூண், அதுவும் அடித்தளத்தோடு பிணைத்த தூணாக இருந்தால் மட்டுமே முழு மறைப்பைப் பற்றி யோசியுங்கள். இல்லையென்றால் பாதி உயரத்துக்கு மட்டும் மறையுங்கள், அல்லது காற்று புகும்படி துளைத் தகடு போடுங்கள். கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்தவுடன் கேட்டைத் திறந்து, சுவரோடு சேர்த்துச் சங்கிலி போட்டுக் கட்டிவிட வேண்டும். மூடியபடி விட்டால் தூண் போகும்.

தபால்காரர் மகள்

நீங்கள் எல்லோரும் கேட்டுக்கு உள்ளே இருந்து பேசுகிறீர்கள். என் அப்பா வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கு வெளியே நின்றவர். கம்பிக் கேட் என்றால் நாய் கட்டியிருக்கிறதா, அவிழ்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். தகடு அடித்த வீடுகளில் அது முடியாது. அவருக்கு வழக்கமான வீடு ஒன்று. முதல் மாதம் வந்தபோது கம்பி, அடுத்த மாதம் வந்தால் கறுப்புத் தகடு. முதியோர் உதவித்தொகை மணியார்டர், உள்ளே ஒரு பாட்டிக்கு. அழைப்பு மணி வராந்தாவில், அதாவது கேட்டுக்கு உள்ளே. குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, எப்போதும்போல் மேல் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கியிருக்கிறார். நாய் குரைக்கவே இல்லை. எகிறி நேராக முன்கையைக் கவ்விவிட்டது.

இதுவரை எல்லோருக்கும் நடப்பதுதான். என் மனத்தைவிட்டுப் போகாதது அதற்குப் பிறகு அவர் செய்தது. பாட்டி நாயை விரட்டிக்கொண்டு வந்தார். மணியார்டர் படிவத்தில் பாட்டி கைநாட்டு வைக்க வேண்டும். படிவத்தில் ரத்தம் சொட்டிவிடக் கூடாது என்று கடிபட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் மைப்பெட்டியைத் திறந்து, இடது கையாலேயே நோட்டுகளை எண்ணிக் கொடுத்தாராம். பாட்டி எண்ணி முடிக்கும்வரை நின்றாராம். பிறகுதான் அரசு மருத்துவமனைக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போனார். வீட்டில் எங்களிடம் இதைச் சொல்லும்போதும் படிவத்தில் கறை படவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறைப்பு போடுங்கள், உங்கள் வீடு, உங்கள் உரிமை. ஆனால் அழைப்பு மணியை வெளித் தூணுக்குக் கொண்டுவாருங்கள். தபால் பெட்டியைத் தெருப்பக்கம் வாய் இருக்கும்படி வையுங்கள். உள்ளங்கை அளவுக்கு ஒரு திறப்பாவது விடுங்கள். உள்ளே என்ன நிற்கிறது என்று வருகிறவருக்குத் தெரியட்டும்.

காவிரிக்கரை (திருச்சி)

தபால்காரர் மகளே, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் குற்றம் தகட்டின் மேல் இல்லை, நாயை அவிழ்த்துவிட்டவர்கள் மேல். திறப்பு விட்டால் செம்பருத்தி சொன்ன அதே துளையை நாமே போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

எங்களுக்கு நடந்தது காரை வெளியே எடுக்கும்போது. முழுத் தகடு, வெளிப்பக்கம் திறக்கும் கேட். மைத்துனர் ஒரு கதவைத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் 'டங்' என்று சத்தம். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி சைக்கிளோடு சரிந்து கிடந்தாள். அவளுடைய தண்ணீர் பாட்டில் உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. அடி பெரிதாக இல்லை, முழங்கை சிராய்ப்புதான். அவள் அழவும் இல்லை, எழுந்ததும் எங்களிடம் "மன்னிச்சிருங்க அங்கிள்" என்றாள். கேட்டைத் தள்ளியவர்கள் நாங்கள், மன்னிப்புக் கேட்டது அவள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்த வாரமே கீலை மாற்றி உள்பக்கம் திறக்கும்படி செய்துவிட்டோம். உள்ளே கார் நிற்க இடம் குறைந்துவிட்டது, பரவாயில்லை.

தபால்காரர் மகள்

நாயை அவிழ்த்துவிட்டது அந்த வீட்டார்தான், மறுக்கவில்லை. ஆனால் மின் கணக்கெடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வருகிறார், இன்னும் யார் யாரோ. அவர்களில் யாரும் உங்கள் வீட்டை எட்டிப் பார்க்க வரவில்லை. உங்களுக்கு நடந்ததும் அதேதான் அண்ணா. தெருவில் வந்த அந்தப் பிள்ளையை உங்கள் தகடு மறைத்துவிட்டது.

காரைநகரான்

எங்கள் ஊர்ப் பக்கம் மறைப்பு புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் முன்பு வீட்டுக்கு வீடு கிடுகு வேலிதான், பின்னிய தென்னோலை வேலி, ஆளுயரத்துக்கு மேல். பூவரசும் கிளுவையும் கதியாலாக, அதாவது உயிர்வேலிக் கம்புகளாக நிற்கும், ஓலை உக்கிப்போக மறுபடி வேலி அடைப்பார்கள். படலைக்கும், அதாவது வாசல் கதவுக்கும், ஓலையோ பலகையோ இருக்கும். கிணற்றடியில் பெண்கள் குளிப்பது தெருவுக்குத் தெரியாது. ஆனால் அயல் வீட்டுக்குப் போகிற பக்கம் வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழையும் திறப்பு, விட்டிருப்பார்கள். குனிந்து நுழைந்தால் அடுத்த வீட்டு வளவு. தெருவுக்கு மறைவு, அயலுக்குத் திறப்பு.

வெளிநாட்டிலிருந்து காசு வந்ததும் எங்கள் வீட்டிலும் சுற்றி மதில் கட்டி, இரும்புப் படலைக்கு முழுத் தகரமும் அடித்தோம். நான் ஊருக்குப் போயிருந்த சமயம், ஒரு மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மதிலுக்கு மேலே ஒரு கை, இரண்டு வளையல், கையில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ்ச் சட்டி. சூடு தாங்காமல் விரல்கள் மாறி மாறிப் பிடிக்கின்றன. ஆளின் முகம் தெரியவில்லை. முன்பு பொட்டு இருந்த அதே இடம். படலைப் பக்கமாகச் சுற்றி வாருங்கள் மாமி என்றேன். "அங்கே தட்டினால் உங்களுக்குக் கேட்காது பிள்ளை" என்றார். சட்டியை வாங்கிக்கொண்டேன். முகத்தைப் பார்க்காமலேயே கூழைக் குடித்தேன்.

திருச்சித் தம்பி திறப்பு விடவே கூடாது என்கிறார். யாருக்கு விடுவது என்று பார்த்து விட வேண்டும் என்பது என் எண்ணம்.

பட்டறை (கோயம்புத்தூர்)

கேட் வேலைதான் எனக்குத் தொழில். ஒரு அம்மா பஸ் போகும் சாலையில் வீடு வைத்திருந்தார். மறைப்பு அடித்து முடித்ததும் கூலி கொடுப்பதற்கு முன் என்னைத் தெருவில் நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார், பிறகு ஏணி கொண்டுவந்து வைத்து அதில் ஏறச் சொன்னார். "பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என் துளசி மாடம் தெரிகிறதா?" என்று கேட்டார். தெரிந்தது. ஐந்தடிக் கேட் பஸ் ஜன்னலை மறைக்காது. அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். குளித்துவிட்டு ஈரத்தலையோடு துளசியைச் சுற்றும்போது யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் அது. கேட்டுக்கு மேலே இன்னும் உயர்த்தினால் தூண் தாங்காது. கடைசியில் மாடத்தைச் சுற்றித்தான் ஒரு மூங்கில் தட்டி கட்டிக் கொடுத்தேன், அதற்குக் கூலி வாங்கவில்லை. அதனால் சொல்கிறேன், தகடு வாங்குவதற்கு முன் யார் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்று பாருங்கள். மறைக்க வேண்டியது கேட்டாகவே இருக்காது.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன், பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். பெரும்பாலான பாலிகார்பனேட் (உறுதியான பிளாஸ்டிக்) ஷீட்டில் ஒரு பக்கம் மட்டும்தான் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு இருக்கும், மேலே ஒட்டியிருக்கும் தாளில் அச்சடித்திருப்பார்கள். அந்தப் பக்கம் வெயிலைப் பார்க்க வேண்டும். தாளை முதலிலேயே உரித்துவிட்டால் எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது, மாற்றி அடித்தால் மஞ்சளாகி நொறுங்கும். இரண்டு மீட்டர் ஷீட் வெயிலில் முப்பது டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். அதனால் திருகாணியின் பருமனைவிடத் துளை பெரிதாக இருக்க வேண்டும், ரப்பர் வாஷர் வேண்டும். இறுக்கித் திருகினால் துளையிலிருந்து விரிசல் ஓடும். இரும்புத் தகடு என்றால் 1.2 மில்லிமீட்டர் கனத்தில் பன்னிரண்டுக்கு ஐந்தடிக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் கூடும். பழைய கேட்டின் இரண்டு கீல் அதற்குப் போதாது. மூன்றாவது கீல் சேருங்கள், அல்லது கதவின் நுனியில் தரையில் உருளும் சக்கரம் வையுங்கள். தகடும் கம்பியும் ஒட்டும் இடத்தில்தான் மழைநீர் தங்கித் துரு பிடிக்கும். ஒட்டுவதற்கு முன்பே இரண்டுக்கும் ரெட் ஆக்சைடு என்ற துருத்தடுப்புப் பூச்சை அடித்துக் காயவிட வேண்டும், பிறகு அடித்தால் அந்த இடுக்குக்குள் தூரிகை போகாது. அடியில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். தள்ளு கேட்டுக்குத் தகடு அடிப்பவர்கள் தண்டவாளத்தின் இரு முனையிலும் தடுப்பு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தடுப்பு இல்லாமல் கனத்த கேட் தடத்தைவிட்டு இறங்கினால் கீழே நிற்கும் பிள்ளை மேல்தான் விழும். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

வைகைப் பெண் (மதுரை)

அண்ணா, ரெட் ஆக்சைடு எல்லாம் சரி. செம்பருத்தி அக்கா கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் துளை அனுபவம் இருக்கிறது, ஆனால் உள்ளேயிருந்து.

என் அப்பத்தாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்த பிறகு நடமாட்டம் திண்ணையோடு நின்றுவிட்டது. நாங்கள் மறைப்பு போட்டது அவருக்காகத்தான். நைட்டியோடு உட்கார்ந்திருப்பதைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று சித்தப்பாவுக்குச் சங்கடம். அப்பத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. அடித்து முடித்த மறுநாளிலிருந்து, நாற்காலியைக் கேட் பக்கம் நகர்த்து என்பார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டையே ஒட்டிவிட்டார். இரண்டு கதவுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்து கேட்டைத் தொட்டேன், அந்த இடைவெளியில் ஒரு கண். ஒரு நொடி பயந்துவிட்டேன். பிறகுதான் அப்பத்தா என்று தெரிந்தது. நெற்றியில் தகட்டின் விளிம்பு பதிந்து ஒரு கோடு. "கீரைக்காரி இன்னைக்கு வரலை" என்றார். அவ்வளவுதான்.

அக்கா, உங்கள் மகளுக்கு அந்த மறைப்பு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்தத் துளையைப் போட்டவன் யாராக இருந்தாலும் கெட்டவன்தான். டீக்கடைக்காரரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள். வலையை மாற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கடைக்காரருக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் யாரும் உங்கள் கேட்டருகே நின்றிருக்க முடியாது.

செம்பருத்தி (அம்பத்தூர்)

உன் பதிவைப் படித்த பிறகு டீக்கடைக்குப் போனேன் தங்கை. கடைக்காரர் பெரியவர். முதலில் தெரியாது என்றார். மகளின் நாற்காலி தெரிந்தது என்று சொன்னதும் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டார். "எனக்கும் பேத்தி இருக்கிறாள்" என்றார். பெஞ்சைக் கடையின் பக்கவாட்டுக்கு மாற்றிப் போட்டார். யார் என்று சொல்லவில்லை, தெரிந்தும் சொல்லவில்லையா என்பது எனக்குப் புரியவில்லை.

பட்டறை அண்ணனிடம் ஒரு கேள்வி. வலையை எடுத்துவிட்டுச் சாய்வுப் பட்டை போட்டால் வெளியிலிருந்து தெரியாமல், யார் வந்து நிற்கிறார்கள் என்பது மட்டும் உள்ளேயிருந்து தெரியும்படி செய்ய முடியுமா? நாய் இல்லை, மணியை வெளித் தூணுக்கு மாற்றிவிட்டோம்.

வைகைப் பெண் (மதுரை)

அப்பத்தாவுக்கும் அதையே கேட்கிறேன். அவருக்குத் தெரு தெரிய வேண்டும், உட்கார்ந்தபடியே.

பட்டறை (கோயம்புத்தூர்)

முடியும். இரண்டு பேருக்கும் வேறு வேறு.

செம்பருத்தி அம்மாவுக்குக் கிடைமட்டப் பட்டை. ஒவ்வொரு பட்டையின் வெளி விளிம்பும் தாழ்ந்து, உள் விளிம்பு உயர்ந்து இருக்க வேண்டும். மேல் பட்டையின் தாழ்ந்த விளிம்பு, கீழ்ப் பட்டையின் உயர்ந்த விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும். தெருவில் நிற்பவனுக்குப் பட்டைதான் தெரியும். உள்ளே நின்று சாய்வாகக் கீழே பார்த்தால் கேட்டருகே நிற்பவரின் கால்கள் தெரியும். மழைநீரும் வெளியே வழிந்துவிடும்.

மதுரைப் பாப்பாவுக்குச் செங்குத்துப் பட்டை, நாற்பத்தைந்து டிகிரி திருப்பி. நேரெதிரே இருந்து பார்த்தால் மூடியிருக்கும், தெருவின் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் திறந்திருக்கும். கீரைக்காரம்மா எந்தப் பக்கமிருந்து வருவார் என்று அப்பத்தாவிடம் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் திறக்கும்படி திருப்பச் சொல்லுங்கள். எந்தப் பட்டையாக இருந்தாலும் வெல்டிங் வைப்பதற்கு முன் இரண்டு பட்டையைக் கம்பியால் கட்டிப் பார்த்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கேளுங்கள். தூணின் படத்தையும் போடுங்கள், கீல் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.